சோமாஸ்கந்தர் ஆய்வேடும் ஒரு போனஃபைட் சான்றிதழும்

இளங்கலை வரலாற்றில் மூன்றாமாண்டு ஆய்வேட்டுக்குக் கலை வரலாற்றுத் தலைப்பை எடுக்கப்போகும் இளையோர், சிற்பங்களை நேரில் பார்க்க அனுமதி கோரும் கடிதத்தைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்கும் முன் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். என் தலைப்பு, பல்லவர் காலச் சோமாஸ்கந்தர் சிற்பங்கள், அதாவது சிவனும் உமையும் இடையே குழந்தை முருகனுமாக அமர்ந்திருக்கும் உருவங்கள். தலைப்புக்கு ஒப்புதல் பெறுவதிலும் நூல்களைச் சேர்ப்பதிலும் தொல்லை எதுவும் இருக்கவில்லை.

தொல்லை கடிதத்தில் தொடங்கியது. மாமல்லபுரத்து ஒற்றைக்கல் கோயிலான தர்மராஜ ரதத்தின் மூன்றாம் தளத்தில் உள்ள சோமாஸ்கந்தர் இவ்வகைச் சிற்பங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று; கோயிலை அத்யந்தகாமன் என்ற பட்டப்பெயர் கொண்ட பல்லவ மன்னனோடு சேர்த்துச் சொல்லும் 'அத்யந்தகாம பல்லவேஸ்வர கிருகம்' என்னும் கல்வெட்டும் அந்தத் தளத்திலேயே இருப்பதால், அந்த ரதம் எந்த மன்னன் காலத்தது என்ற விவாதத்தைத் தொடும் எவருக்கும் அது தவிர்க்க முடியாத இடம். பார்வையாளர்கள் அங்கே ஏறக்கூடாது என்பதால், பார்க்க வேண்டிய தளம், நோக்கம், ட்ரைபாட் பயன்படுத்தும் விவரம் ஆகிய எல்லாவற்றையும் குறித்துத் துறைத்தலைவர் ஒரு வரைவு எழுதிக் கொடுத்தார். அலுவலக எழுத்தரோ அந்த வரைவைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், நான் அக்கல்லூரி மாணவி என்று மட்டும் சொல்லும் போனஃபைட் சான்றிதழை அச்சிட்டு முத்திரையிட்டார். வரைவில் உள்ளபடி வேண்டும் என்று மன்றாடியபோது, எல்லாருக்கும் இதுதான் தருகிறோம், இது போதும் என்று சொல்லி, அடுத்தவரை அழைத்துவிட்டார். முதல்வர் வெளியூர் சென்றிருந்ததால் முறையிடவும் வழியில்லை.

அந்தத் தாளில் மேல்தளத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று ரதத்தின் அடியிலிருந்த காவலர் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம். அன்றைய பொழுதை மகிஷாசுரமர்த்தினி குடைவரை காப்பாற்றியது. அதன் நடுக் கருவறையின் பின்சுவரில் உள்ள பெரிய சோமாஸ்கந்தரை எவரும் தடுக்காமல் நின்று வரைய முடிந்தது. கடற்கரைக் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கிழக்கு நோக்கிய கருவறையில், உடைந்த தாராலிங்கத்துக்கு (பட்டைகள் செதுக்கிய லிங்கம்) பின்னால் இருக்கும் சிற்பத்தின் மீது அப்போதுதான் வெளிச்சம் விழும்.

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் வேறொரு எச்சரிக்கை தேவை. பல்லவ மன்னன் இராஜசிம்மன் எழுப்பிய அக்கோயிலின் மணற்கல் அரித்துப்போனதால், பிற்காலத்தவர் பல சிற்பங்களின் மேல் சுதை, அதாவது சுண்ணாம்புச் சாந்து, பூசியிருக்கிறார்கள். முகமோ அணிகலனோ கையின் நிலையோ பல்லவருடையது என்று எழுதுமுன், அது கல்லா சுதையா என்று ஒவ்வோர் உறுப்பாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். புகைப்படத்தில் இந்த வேறுபாடு பெரும்பாலும் தெரியாது. திருச்சுற்றிலுள்ள 58 சிற்றாலயங்களையும் அவசரமின்றிப் பாருங்கள், சிலவற்றில் பல்லவர் ஓவியத்தின் எச்சங்கள் இன்னும் உள்ளன. வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் முதலில் கேட்டதே, நான் விவரித்த ஒரு கை கல்லா சுதையா என்பதுதான். குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது, எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

முதல்வர் திரும்பியதும் சரியான கடிதம் கிடைத்தது, ஆனால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டிருந்தது. தர்மராஜ ரதத்துப் பகுதியை அச்சில் வெளிவந்த படங்களைக் கொண்டே எழுதி, நேரில் பார்க்க இயலவில்லை என்பதையும் அங்கேயே பதிவு செய்தேன். பார்க்க வேண்டிய தளத்தைக் குறிப்பிடாத கடிதத்தை வாங்கிக்கொண்டு அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். இடத்துக்கு ஒன்றாகத் தனித்தனி மூலக்கடிதம் கேளுங்கள், நகல்களை எல்லா இடத்திலும் ஏற்பதில்லை.