எண் 120

மார்ச் 2, திங்கள்

மனித உரிமை உடன்படிக்கைகள் பற்றிய என் அத்தியாயத்துக்கு மதிப்பீட்டாளர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

மார்ச் 4, புதன்

கணக்கீட்டை மூன்றாம் முறையாக ஓட்டிப் பார்த்தேன். சித்திரவதைக்கு எதிரான 1984-ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஏற்ற நாடுகளையும் ஏற்காத நாடுகளையும் ஒப்பிட்டால், சித்திரவதையின் சராசரி அளவில் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. உடன்படிக்கை வெறும் தாள்தான் என்று இதை வைத்து முடிவு கட்டுவது எளிது. எனக்கு மனம் ஒப்பவில்லை. நிலைபெற்ற மக்களாட்சிக்கு அந்தத் தாள் புதிதாகத் தருவது குறைவு. வாய் திறந்தவரை உடனே சிறைக்கு அனுப்பும் ஆட்சியிலோ அதைக் கையிலெடுக்க ஆளே மிஞ்சுவதில்லை. இரண்டுக்கும் இடையில், நீதிமன்றம் அரைகுறையாகவேனும் இயங்கி, மக்கள் அஞ்சிக்கொண்டேனும் ஒன்றுகூடக்கூடிய நாடுகளில்தான் அதற்கு வேலை இருக்கிறது என்று அத்தியாயம் முழுவதும் வாதிட்டிருக்கிறேன். அந்த நாடுகள் சராசரிக்குள் கரைந்துபோகின்றன.

கம்யூனிச ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாக்கியா மட்டும் இந்த வாதத்துக்குள் அடங்க மறுக்கிறது.

மார்ச் 7, சனி

சட்டத் தொகுப்பில் எண் 120-ஐ அந்த ஆட்சியாளர்கள் ஏன் அச்சிட்டார்கள்?

மார்ச் 10, செவ்வாய்

அர்ஜென்டினா பகுதியைத் திருத்தினேன். 1979 செப்டம்பரில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் புவெனஸ் அயர்ஸுக்கு வந்தபோது, இராணுவ ஆட்சியில் காணாமற்போனவர்களின் உறவினர்கள் முறையிடுவதற்காக அவெனிதா தே மாயோவில் வரிசையில் நின்றார்கள். அதே நாட்களில் இளையோர் உலகக் கோப்பையை வென்ற மகிழ்ச்சியில் இருந்த கூட்டத்தை, வானொலி வருணனையாளர்கள் அந்தத் தெருவுக்கே போகச் சொல்லித் தூண்டினார்கள். ‘அர்ஜென்டினர்களாகிய நாங்கள் நேர்மையானவர்கள், மனிதத்தன்மை உள்ளவர்கள்’ என்ற ஒட்டுவில்லைகளை ஆட்சி பரப்பியது. ஸ்பானிய மொழியில் நேர்மைக்கும் உரிமைக்கும் ஒரே சொல் என்பதால், ‘மனித உரிமைகள்’ என்று வெளியிலிருந்து வந்த கண்டனத்தின் சொற்களே தேசப்பற்று முழக்கமாகத் திரும்பின. வெளி அழுத்தம் எப்போதும் உள்ளே இருப்பவர்களுக்கு வலுச்சேர்க்கும் என்று முன்பு நான் எழுதியிருந்த வரியை நீக்கிவிட்டேன். ஆயினும் அந்த வரிசையில் நின்றவர்கள் கலைந்துபோகவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

மார்ச் 13, வெள்ளி

செக் மெய்யியலாளரும், சாசனம் 77 என்ற மனித உரிமை அறிக்கையின் பேச்சாளர்களில் ஒருவருமான யான் பட்டோச்கா இறந்த நாள். 1977-இல் நீண்ட காவல் விசாரணைகளுக்குப் பிறகு, 69 வயதில். இன்று கணக்கீட்டைத் தொடவில்லை.

மார்ச் 16, திங்கள்

உறக்கம் வரவில்லை.

மார்ச் 18, புதன்

பதில் வந்தது. செக்கோஸ்லோவாக்கியாவை விதிவிலக்கு எனக் குறித்து அடிக்குறிப்புக்கு மாற்றலாம் என்கிறார் இரண்டாம் மதிப்பீட்டாளர். மாற்ற மாட்டேன். உயிரைக் கொடுத்து ஒரு நெறியைப் பற்றிக்கொண்டவர்களை அடிக்குறிப்பில் வைத்துவிட்டு, அந்த நெறி உள்நாட்டு அரசியலுக்குள் எப்படி நுழைகிறது என்று என்னால் விளக்க முடியாது.

மார்ச் 23, திங்கள்

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து இன்றோடு 50 ஆண்டுகள். அதற்கு 35 நாடுகளின் ஏற்பு தேவைப்பட்டது. அந்த 35-ஆவது நாடு செக்கோஸ்லோவாக்கியாதான். 1976 அக்டோபர் 13 அன்று உடன்படிக்கையின் பாடம் அந்நாட்டுச் சட்டத் தொகுப்பில் 120 என்ற எண்ணுடன் வெளியானது. உலகின் முன் மதிப்பு வேண்டிக் கையெழுத்திட்ட ஆட்சி, அச்சிடுவதை வெறும் அலுவலக நடைமுறையாகவே எண்ணியிருக்க வேண்டும். மூன்று மாதம்கூட ஆகவில்லை, சாசனம் 77 அந்த எண்ணையும் நாளையும் குறிப்பிட்டே தன் வாசகத்தைத் தொடங்கியது. எதிர்க்கட்சி அரசியல் தங்கள் நோக்கமில்லை என்றும் அதில் எழுதினார்கள். நாட்டின் சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான் கேட்டார்கள். சாசனத்தை அனுப்பப் போகும் வழியிலேயே, அதன் இன்னொரு பேச்சாளரான நாடக ஆசிரியர் ஹாவெல் பிடிபட்டார். சுதந்திரமான நீதிமன்றமோ கூடும் உரிமையோ இல்லாத இடத்திலும் அந்தத் தாளை ஏந்த ஆள் இருந்தது, அது வெளிநாட்டார் தாளாக இல்லாமல் ஆட்சியின் சொந்தச் சட்டப் பக்கமாகிவிட்டதால்தான்.

ஆகவே ஏற்பு நாளை விட்டுவிட்டு, உடன்படிக்கை ஒவ்வொரு நாட்டின் அரசிதழிலும் அந்த நாட்டு மொழியில் வெளியான நாளைத் தொடக்கமாகக் கொண்டு தரவை மீண்டும் அடுக்குகிறேன். பதினோரு நாடுகளுக்கு நாள் கிடைத்துவிட்டது.