விளிம்பில்லாத ஓட்டை

ஏற்காட்டில் இருக்கும் என் தங்கை மகளுக்கு 12 வயது. காப்பித் தோட்டத்து மேட்டில் ஏறினால் மற்ற பிள்ளைகளுக்கு முன்பே அவளுக்கு மூச்சு வாங்கும்; சளி பிடித்தால் இலேசில் விடாது. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர் நெஞ்சில் வேறொரு சத்தம் கேட்கிறதென்று எழுதிக் கொடுத்த பிறகே, சேலத்தில் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) எடுத்து, இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் 18 மில்லிமீட்டர் ஓட்டை இருப்பதை அறிந்தோம்.

தொடைச் சிரை வழியாகக் குழாய் செலுத்தி, நெஞ்சைத் திறக்காமலே இத்தகைய ஓட்டையை அடைப்பது இன்று வழக்கமான சிகிச்சைதான். ஆனால் இவளுக்கு, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயான மகாதமனியை ஒட்டிய பக்கத்தில் விளிம்பே இல்லை. பின்பக்க விளிம்பும் மெல்லியது. ஓட்டையின் அளவைப் போலவே, அடைப்பான் பற்றிக்கொள்ள அதைச் சுற்றியுள்ள சதையும் முக்கியம் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. மருத்துவர் மாதிரிக்கு வைத்திருந்த அடைப்பானை என் கையில் கொடுத்தார். நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பியால் பின்னிய இரண்டு தட்டுகள், நடுவில் குட்டையான இடுப்பு, உள்ளே பாலியஸ்டர் துணி. இழுத்தால் குச்சிபோல் நீண்டது; விட்டதும் பழைய வடிவத்துக்கே திரும்பியது. 22 மில்லிமீட்டர் என்று அவர் சொன்னது இடுப்பின் அளவு. இடப்பக்கத் தட்டு அதைவிட 14 மில்லிமீட்டர் அகலம்.

“சரியாக உட்காரவில்லை என்றால், செலுத்தும் கம்பியிலிருந்து கழற்றாமல் வெளியே எடுத்துவிடுவேன், அறுவைச் சிகிச்சைக்குத்தான் போக வேண்டும்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த நேர்மைதான் எங்களுக்குத் தைரியம் கொடுத்தது.

அவர் அஞ்சியபடியே முதல் முயற்சியில் இடப்பக்கத் தட்டு சுவரோடு படியாமல் செங்குத்தாகத் திரும்பி, விளிம்பில்லாத பக்கமாக வலது மேலறைக்குள் நழுவிவிட்டது. உடனே மற்றத் தொடை வழியாகப் பலூன் ஒன்றைக் கொண்டுபோய், ஓட்டையருகே ஊதி, தட்டு நழுவாதபடி தாங்கிக்கொண்டார். வலப்பக்கத் தட்டும் விரிந்த பிறகு பலூனைச் சிறிது சிறிதாகச் சுருக்கினார். தொண்டை வழியாக விட்டிருந்த எக்கோவில் ஒவ்வொரு விளிம்பையும் பார்த்து, செலுத்தும் கம்பியை முன்னும் பின்னும் அசைத்தும் அடைப்பான் இடம் மாறவில்லை என்று உறுதியான பின்னரே கம்பியோடு பிணைத்திருந்த திருகைக் கழற்றினாராம்.

ஆறு மாதத்துக்கு ஆஸ்பிரின். அதற்குள் இதயத்தின் உட்படலம் அடைப்பான்மேல் வளர்ந்து மூடிவிடும். மகாதமனிப் பக்க விளிம்பு இல்லாதவர்களுக்கு, அரிதாக, தட்டின் ஓரம் இதயச் சுவரை அரித்துவிடக்கூடும் என்பதால் எக்கோவைத் தவறவிடக் கூடாது. நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே சேலம் இறங்கிவிட வேண்டும் என்று எழுதி, என் தங்கை அதை வாசற்கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள்.