சித்தப்பா கொண்டுவந்த சிங்க இறால்

போன ஞாயிறு முல்லைத்தீவிலிருந்து சித்தப்பா ஈரச்சாக்கில் சுற்றி இரண்டு சிங்க இறால் கொண்டுவந்தார், இரண்டும் உயிரோடு, சாக்குக்குள் கரகரவென்று சத்தம். அவசரத்தில் நான் குழாய்த் தண்ணீர் வாளிக்குள் போடப் போக, "விசரி, நல்ல தண்ணியில போட்டால் செத்துப்போகும்" என்று அம்மா தடுத்தார். செத்தால் தலைக்குள் இருக்கிற சுரப்பு சதைக்குள் இறங்கிக் கூழாக்கிவிடும். அதனால்தான் சமைக்கும்வரை உயிரோடு வைக்கிறார்கள்.

நம்ம கடல் சிங்க இறாலுக்குப் பெரிய கொடுக்கு கிடையாது, முள்தான் ஆளைக் கிழிக்கும், தடித்த துணியால் பிடியுங்கள். முதலில் பிரிஜ்ஜின் ஐஸ் தட்டில் அரை மணி நேரம் வைத்தேன். அசைவு நின்று மரத்துப்போனது. பிறகு தலையின் நடுவில் கத்தி முனையை இறக்கி, முன்பக்கமாக ஒரே அமுக்கில் பிளந்தேன். கை நடுங்கியது உண்மைதான், ஆனால் உயிரோடு கொதிதண்ணீரில் போட எனக்கு மனம் வராது. அதற்குப் பிறகும் கால்கள் கொஞ்சம் துடிக்கும், அது நரம்பின் துடிப்பு, பயப்படாதீர்கள்.

வாலை முறுக்கிப் பிரித்தால் குடல் எடுப்பது சுலபம்: மீசையில் ஒரு துண்டை முறித்து, வாலின் கடைசி ஓட்டைக்குள் விட்டுச் சுழற்றி இழுங்கள், அதன் சின்ன முட்களில் மாட்டிக்கொண்டு முழுதாக வரும். சித்தப்பா காட்டிய வித்தை இது.

வயிற்றடியில் முட்டை ஒட்டியிருந்தால் வாங்கவே கூடாது, பிடிப்பதே சட்டப்படி தடை.

மிச்சமெல்லாம் அம்மாவின் தேங்காய்ப்பால், புட்டு. தலையை மட்டும் கூழுக்கு எடுத்து வைத்தார்.