கோட்டையின் தெற்குச் சுவர்

6 ஜனவரி 2024, சனி

விடிய முன்னமே பிராண்டேயிலிருந்து வெளிக்கிட்டேன். டென்மார்க்கில், யூலாண்டின் மேற்குக் கரைப்பக்கம் ஒரு சின்ன ஊரில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றை மூடுகிறார்கள், ஜன்னலில் லெகோ விளையாட்டுக் கட்டைகளால் கட்டிய பழைய கோட்டை ஒன்று கண்ணாடிப் பெட்டியோடு நிற்கிறது என்று வேலையிடத்து நண்பர் நேற்றிரவு படம் அனுப்பியிருந்தார். படம் மங்கல்தான். ஆனாலும் வெள்ளைச் சுவரும் நீலச் சட்டைக் காவற்காரனும் தெரிந்தன. பிறகு எங்கே நித்திரை வரும்?

கடைக்கார அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். கணவர் போனபிறகும் பன்னிரண்டு வருசம் தனியாளாகக் கடையை நடத்தியிருக்கிறார். அலுமாரிகள் எல்லாம் வெறிச்சோடிக் கிடந்தன. "இதோடு இன்னும் இரண்டு இருந்தன, ஒன்றில் ரயில் ஓடும், போன கிழமை குப்பைக்குக் கொடுத்துவிட்டேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு பகீரென்றது. ஒரு கிழமை முந்தி வந்திருக்கலாம்.

விற்கவா கொண்டுபோகிறாய் என்று கேட்டார். இல்லை, வீட்டில் வைக்க என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அறுநூறு குரோனர் கேட்டார். பேரம் பேசவில்லை. கம்பளியால் சுற்றி, பின் இருக்கையில் வைத்து, பெல்ட் போட்டு, எழுபதுக்கு மேல் ஓடாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

7 ஜனவரி, ஞாயிறு

இங்கே லெகோ சேர்ப்பவர்கள் கனபேர். பெரும்பாலானோர் தேடுவது பிரிக்காத பெட்டி. ஒட்டு உடையாமல், மூலை நசியாமல் இருக்கவேண்டும். நான் தேடுவது அதற்கு நேர்மாறானது. கடைக்கென்று கட்டி, ஜன்னலிலோ அலுமாரிக்கு மேலேயோ பிள்ளைகள் பார்க்கட்டும் என்று வைத்த மாதிரிகள். இவற்றுக்கு விலைப்பட்டியலில் இடமே கிடையாது. காலம் முடிந்ததும் திருப்பி அனுப்புவார்கள், கழற்றுவார்கள், அல்லது அந்த ரயிலுக்கு நடந்ததுதான் நடக்கும். லட்சக்கணக்கில் விற்ற செற் ஒன்று இன்றைக்கும் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டி ஆசை மூட்டிய மாதிரி கிடைக்காது.

வந்திருப்பது எல்டொராடோ கோட்டை. இலக்கம் 6276, வருசம் 1989. லெகோவில் கடற்கொள்ளையர் வரிசை தொடங்கிய முதல் வருசம் அது. 1978இல் வந்த குட்டி மனிதர்கள் அதுவரை எல்லோரும் ஒரே முகம்: இரண்டு கண், ஒரு சிரிப்பு. தாடி, மீசை, ஒற்றைக் கண்ணை மறைக்கும் துணி, கைக்குப் பதில் கொக்கி, மரக்கால் எல்லாம் இந்தக் கொள்ளையரோடுதான் வந்தன. ஐரோப்பாவில் விற்ற பீரங்கி உண்மையாகவே சுடும், உள்ளே சுருள்வில் உண்டு. அமெரிக்காவுக்குப் போனதில் அது இல்லை. 2023இல் இதே கோட்டையைப் புதிதாக வடிவமைத்து மறுபடி விட்டார்கள். நல்ல செற்தான், மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

பெட்டியின் அடியில் ஆறு திருகாணி. இரண்டு துருப்பிடித்து இறுகியிருந்ததால் எண்ணெய் விட்டுக் காத்திருந்து கழற்றவேண்டியதாயிற்று. அக்ரிலிக் மூடியைத் தூக்கியதும் பழைய கடையின் மணம் வந்தது: காகித மட்டை, தூசு, சூடேறிய பிளாஸ்ரிக். உள்ளே காய்ந்துபோன குளவி ஒன்று, ஈக்கள் ஒன்பது. முன்பக்கம் விலை அட்டை சாய்ந்து கிடந்தது. வெயில் மையைக் குடித்துவிட்டது. டெனிஷ்காரர் விலைக்குப் பின்னால் போடும் கமாவும் கோடும் மாத்திரம் கறுப்புப் பேனையால் பிறகு அழுத்தி எழுதியதாலோ என்னவோ, அப்படியே இருக்கின்றன.

10 ஜனவரி, புதன்

முதலில் தெரியவேண்டியது ஒட்டியதா ஒட்டாததா என்பது.

நிறுவனமே ஒட்டி அனுப்பிய மாதிரி என்றால் சாதாரணப் பசையைப் பூசியிருக்க மாட்டார்கள். கட்டைகள் செய்கிற ஏபிஎஸ் பிளாஸ்ரிக்கையே கரைக்கிற திரவம் அது. இரண்டு கட்டைகளும் இளகி ஒன்றாகிவிடும், பிறகு ஆண்டவனாலும் பிரிக்கமுடியாது. கண்டுபிடிக்க எளிய வழி, ஓரத்தில் இருக்கும் ஆகச் சின்ன வட்டத் துண்டை நகத்தால் மெல்லத் திருப்பிப் பார்ப்பது. சுழன்றால் ஒட்டாதது. பொருத்தில் மூடுபனி படிந்ததுபோல வெண்மை தெரிந்தால் ஒட்டியது.

மேற்கு மூலைக் கோபுரத்தில் வைத்துத் திருப்பினேன். சுழன்றது! இது கடையிலேயே கட்டியது. கணவர் கட்டினாரா, வேலைக்கு நின்ற பெடியன் யாராவது கட்டினானா, தெரியாது. யாரோ ஒருவருடைய ஒரு முழுப் பின்னேரம் இதற்குள் இருக்கிறது.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல். வேலை முடிந்து ஹேர்னிங் கோயிலுக்குப் போய் வந்தோம். கோட்டையில் கை வைக்கவில்லை.

21 ஜனவரி, ஞாயிறு

நாள் முழுக்கத் தூசு. கழற்றித் தண்ணீரில் போடலாம். 40 பாகைக்கு மேல் சூடு கூடாது, அவ்வளவுதான். ஆனால் கழற்றினால் அவர் கட்டியது போய் நான் கட்டியதாகிவிடும். அதனால் மனைவியின் பழைய மேக்கப் பிரஷால், கட்டைகளின் மேலே நிற்கும் மொட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

மத்தியானம்போலத்தான் அதைக் கண்டேன். மதிலின் மேல்தளத்தில் நின்ற காவற்காரனைத் துடைப்பதற்காக எடுத்தேன். வெள்ளைத் தளம் முழுக்கப் பழுத்த வாழையிலை நிறத்துக்கு மாறியிருக்கிறது. அவன் பாதம் இருந்த இடம் மட்டும் பால் வெள்ளை. இரண்டு சின்னச் சதுரங்கள், பக்கத்தில் பக்கத்தில், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல. முப்பத்துநாலு வருசமாக அவன் ஒரு மொட்டுக்கூட விலகவில்லை. யாரும் விளையாடவில்லை, யாரும் இடம் மாற்றவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். பீரங்கியின் சில்லுக்குக் கீழே வெள்ளை. கொடிக்குப் பின்னால் சுவரில் மங்கலான வெள்ளைப் பட்டை. கோட்டையின் ஒரு பக்கச் சுவர் கடும் மஞ்சள், எதிர்ப்பக்கம் ஏறக்குறைய புதுசு. மஞ்சளான பக்கம்தான் ஜன்னலைப் பார்த்திருக்கவேண்டும். அந்த ஜன்னல் தெற்கையோ தென்மேற்கையோ பார்த்ததாக இருக்கவேண்டும் என்பது என் கணிப்பு. வடக்குப் பார்த்த ஜன்னலில் இவ்வளவு மஞ்சள் ஏறாது.

ஏபிஎஸ் மூன்று பொருளின் கலவை. அதில் ரப்பர்த் தன்மை தருவது பியூட்டடீன். கட்டை கீழே விழுந்தாலும் உடையாமல் இருப்பது அதனால்தான். புற ஊதாக் கதிர் பட்டால் முதலில் ஒட்சியேறி மஞ்சளாவதும் அதேதான். வெள்ளையும் பழைய சாம்பலும் நீலமும் கெதியாகக் காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பில் தெரியாது.

28 ஜனவரி, ஞாயிறு

இன்றைக்கு லெகோவின் சொந்த ஊரான பில்லுண்ட் போகாமல் இருக்கமுடியாது. 1958இல் இதே நாள், பிற்பகல் 1:58க்குத்தான் இன்றைய லெகோக் கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1949இல் வந்த கட்டை உள்ளே வெறும் கோது; கட்டியதைத் தூக்கினால் கழன்று விழும். உள்ளே குழாய்களை வைத்தபிறகுதான் இறுக்கிப் பிடித்தது. 1958இன் அந்தக் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும்.

பிராண்டேயிலிருந்து அரை மணி நேர ஓட்டம். அங்கே லெகோவின் காட்சிக்கூடமான லெகோ ஹவுஸ் 2017இல் திறந்தது. நடுவில் பதினைந்து மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மரத்தில் 63,16,611 கட்டைகள். மகள் அதன் கீழே நின்றுவிட்டாள். நான் நேரே கீழ்த்தளத்துக்கு, பழைய பெட்டிகள் இருக்கும் இடத்துக்குப் போனேன்.

பில்லுண்டில் லெகோலாண்ட் பூங்கா வந்த கதையை இங்கே கனபேருக்குச் சொல்லிச் சொல்லியே வாய் உளைந்துவிட்டது, ஆனாலும் சொல்கிறேன். 1960களின் தொடக்கத்தில் கடைகளுக்கும் கண்காட்சிகளுக்கும் செய்த பெரிய மாதிரிகளைப் பார்ப்பதற்கென்றே தொழிற்சாலைக்குச் சனம் வரத் தொடங்கியது. வருசம் 20,000 பேர் வரை. வேலை கெடுகிற அளவுக்குக் கூட்டம். நிறுவனரின் மகன் கொட்பிரெட் கிர்க் கிறிஸ்ரியன்சன், இவற்றை வெளியே ஒரு தோட்டத்தில் வைத்தால் என்ன என்று யோசித்தார். டாக்னி ஹொல்ம் என்ற பெண்மணியின் தலைமையில் மாதிரிகள் கட்டப்பட்டன. 1968 ஜூன் 7இல் லெகோலாண்ட் திறந்தது. உலகம் முழுக்க இன்றைக்குப் பரவியிருக்கும் பூங்காக்களுக்கு விதை, காட்சிக்கு வைக்கக் கட்டிய மாதிரிகள். அப்படிப்பட்டதைக் குப்பையில் போடுகிறார்களே என்று நான் வருத்தப்படுவதில் என்ன பிழை?

இப்போது பெரிய மாதிரிகள் செக் குடியரசின் கிளாட்னோவில் தயாராகின்றன. உள்ளே இரும்புச் சட்டம், ஒவ்வொரு கட்டையும் பசையால் ஒட்டியது. அந்தக் கைவேலைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் என் மனம் ஒட்டாததில்தான் இருக்கிறது.

3 பெப்ரவரி, சனி

வெளுக்கவைக்கச் சொல்லி மூன்று நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். ஐதரசன் பெரொட்சைட்டில் ஊறவைத்து வெளிச்சத்தில் வைத்தால் மஞ்சள் போய்விடும். உண்மைதான். என் பெட்டியில் கிடந்த மஞ்சள் கட்டை ஒன்றைப் போத்தலில் போட்டு விளக்கின் கீழ் வைத்தேன். மறுநாள் வெளுத்துவிட்டது. விளையாடுகிற கட்டை என்றால் நானும் அதைத்தான் செய்வேன், காலப்போக்கில் மஞ்சள் திரும்பி வந்தாலும் பரவாயில்லை.

கோட்டையைத் தொடமாட்டேன். வெளுத்தால் காவற்காரனின் பாதம் அழியும். கடை எந்தத் திசையைப் பார்த்தது என்பதும் அழியும். அதன்பிறகு இது எந்தச் சந்தையிலும் கிடைக்கிற 6276. மிச்சப் பெரொட்சைட்டைப் போத்தலோடு மறுசுழற்சி நிலையத்தில் கொடுத்துவிட்டேன்.

11 பெப்ரவரி, ஞாயிறு

கடைக்கார அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "தென்மேற்கு. பின்னேரம் முழுக்க வெயில். கோடையில் மனிசன் கடதாசியை இழுத்து மறைப்பார், மற்றக் காலத்தில் மறந்துபோவார்" என்றார். என் கணிப்பு சரி! காவற்காரனின் பாதத்தைப் பற்றிச் சொன்னேன். மறுபக்கம் சத்தமே இல்லை. தொடர்பு விட்டுப்போனதோ என்று நினைத்தேன். பிறகு, "அதைக் கட்டியது அவர்தான். கடை பூட்டியபிறகு இருந்து கட்டினார்" என்றார்.

ரயில் ஓடிய பெட்டியின் படம் இருக்கிறதாம். தேடி அனுப்புவதாகச் சொன்னார்.

2 மார்ச், சனி

கோட்டை நடைபாதையில், வெயில் படாத சுவரோரம் நிற்கிறது. மூடியில் இருந்த பழைய ஹலோஜன் பல்பு கருகிப்போயிருந்தது. அது இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன், அந்தச் சூடு பிளாஸ்ரிக்குக்குக் கூடாது. எல்ஈடி போட்டேன். விலை அட்டையைக் கிடந்த இடத்திலேயே நிமிர்த்தி வைத்தேன்.

அம்மா பின்னேரம் வந்தா. சப்பாத்தைக் கழற்றும்போதே கண்டுவிட்டா.

"உந்தப் பழசுகளை ஏன் தம்பி காவிக்கொண்டு வாறாய்? தூசு தட்டவே ஒரு நாள் வேணும்."

கிட்ட வந்து குனிந்து பார்த்தா.

"மஞ்சள் பூசிக் குளிச்ச மாதிரியெல்லோ நிக்குது."

நாங்கள் 1989 ஒக்ரோபரில் வந்தோம், எனக்கு எட்டு வயது. அம்மா டெனிஷ் வகுப்பு முடிந்து என்னைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு வரும் வழியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. அதன் ஜன்னலிலும் இதே கோட்டை நின்றது. நான் கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்பேன். அம்மா ஒருநாளும் கையைப் பிடித்து இழுத்ததில்லை, வா போவம் என்று சொன்னதில்லை. பத்து நிமிசமென்றாலும் நிற்பா. என் ஆசையை மதித்து நின்றா என்று இத்தனை வருசமாக நினைத்திருந்தேன். இன்றைக்கு அதை அவவிடமே சொன்னேன்.

அம்மா சிரித்தா. "அந்தக் கதவடியிலை மேலையிருந்து சூட்டுக் காத்து வரும், ராசா. எனக்கு அப்ப நல்ல சப்பாத்தும் இல்லை, கால் விறைச்சுப்போகும். நீ பாக்கிற வரைக்கும் நான் அதுக்குக் கீழை நிண்டு குளிர் காய்ஞ்சனான். நீ இன்னும் கொஞ்ச நேரம் பாக்கமாட்டியோ எண்டு இருக்கும்."

சுவிச்சைப் போட்டேன். மதில் மேல் காவற்காரன் தன் இரண்டு வெள்ளைச் சதுரங்களின் மேல் நிற்கிறான். அம்மா உள்ளங்கையை மூடிக்கு மேலே கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தா.

"இதிலை சூடு வரேல்லையே" என்றா.