திருவதிகை போயிட்டு வந்தேன், அப்பர் வயித்து வலியோட வந்து நின்ன எடம்

திருவதிகை போகணும்னு ரொம்ப நாளா ஒரு எண்ணம், ஆனா இந்த தடவை கெளம்பினது வேண்டுதலுக்குன்னு சொல்ல முடியாது, சாமிகிட்ட நாலு கேள்வி கேட்டுட்டு வரணும்னுதான். என் தம்பி இன்னொருத்தரோட கூட்டு சேர்ந்து லேத் பட்டறை போட்டிருந்தான், நல்லாத்தான் ஓடிச்சு, அப்புறம் ஆர்டர் கொறைஞ்சு, கூட்டாளி கணக்க முடிச்சிகிட்டு ஒதுங்கிட்டாரு, கடன் மொத்தமும் இவன் தலையில வந்து விழுந்துச்சு. நெத்தி நெறைய திருநீறு பூசிகிட்டு பட்டறைக்கு போன பையன் இப்போ சாமி ரூம் பக்கமே வரமாட்டேங்கிறான். "உன் சாமி வந்து என் டியூ கட்டுமாக்கா?"ன்னு கேட்டான், எனக்கு பதில் சொல்ல தெரியல. வீட்ல நான்தான் வெளக்கேத்தறேன், நான்தான் பேங்க்லேருந்து வர்ற போனும் எடுக்கறேன்.

பண்ருட்டியிலேருந்து ரொம்ப பக்கம் கோயில், கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர்தான், ஆட்டோல ஏறி உக்கார்றதுக்குள்ள வந்துடுது. சிவன் எட்டு எடத்துல வீரச்செயல் செஞ்சதா சொல்ற அட்டவீரட்டானத்துல இது ஒண்ணு, தேர்ல ஏறி வந்து திரிபுரத்த, அதான் அசுரங்களோட மூணு கோட்டைய, சிரிச்சே எரிச்ச எடம். அதனாலதானோ என்னவோ கருவறை விமானமே தேர் மாதிரி இருக்கும், மேல பூரா கலர் கலரா சுதை பொம்மைங்க. கோபுர வாசல்ல ரெண்டு பக்கமும் பரதநாட்டிய கரண சிற்பங்கள் இருக்கு, டான்ஸ் கத்துக்கற பிள்ளைங்க இருந்தா கூட்டிட்டு போய் காட்டுங்க, நான் அவசரத்துல சரியா பாக்கல. உள்ள லிங்கம் சாதாரணமா நாம பாக்கற மாதிரி வழவழன்னு உருண்டையா இருக்காது, பதினாறு பட்டை, நல்லா பெருசு. தீபாராதனை காட்டறப்போ ஒவ்வொரு பட்டையிலயும் வெளிச்சம் தனித்தனியா ஏறி எறங்குது, அத பாத்துகிட்டே நின்னதுல நான் கேக்க வந்த நாலு கேள்வியும் எங்க போச்சுன்னே தெரியல.

வெளிய வந்து பிரகாரம் சுத்தும்போது அப்பரோட அக்கா திலகவதியார் சந்நிதி. எனக்கு இந்த கோயில்னாலே அவங்கதான். அப்பர் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா அக்கா கதைய யாரும் நின்னு யோசிக்கறது இல்ல. அப்பா அம்மா அடுத்தடுத்து போய் சேர்ந்துட்டாங்க, நிச்சயம் பண்ணின கலிப்பகையார் போருக்கு போன எடத்துல இறந்துட்டாரு, இனிமே எனக்கு என்ன இருக்குன்னு உயிர விட துணிஞ்சவங்கள தம்பி கால்ல விழுந்து அழுது நிறுத்தறான். சரி, தம்பி உயிரோட இருக்கணும்னு அவனுக்காகவே இருந்துட்டாங்க. அந்த தம்பி என்ன பண்ணினாரு? சமணத்துல சேர்ந்து தருமசேனர்னு பேர் வாங்கி அங்க பெரிய ஆளா ஆயிட்டாரு. அக்கா இங்க திருவதிகைக்கு வந்து தெனம் விடியறதுக்கு முன்னாடி கோயில கூட்டி, சாணி போட்டு மெழுகி, பூ பறிச்சு மாலை கட்டிகிட்டு இருந்தாங்க. தம்பி திரும்பி வருவானா மாட்டானான்னு யாரும் அவங்களுக்கு எழுதி கொடுக்கல. இறைவன் கனவுல வந்து அவன சூலை, அதான் அந்த வயித்து வலி, கொடுத்து ஆட்கொள்றேன்னு சொன்னதெல்லாம் அப்புறம்தான், அதுக்கு முன்னாடி எத்தன நாள் வெறும் தொடப்பமும் சாணியும் மட்டும் இருந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க.

நான் நின்னுகிட்டு இருந்தப்போ ஒரு பாட்டி பிரகாரத்துல சருக கூட்டிகிட்டு இருந்தாங்க, குனிஞ்சபடியே பின்னாடி நகர்ந்து நகர்ந்து கூட்டறாங்க, கூட்டின எடத்துல அவங்க கால் தடம் கூட விழல. என்ன பாத்துட்டு,

"எந்த ஊரும்மா? தனியாவா வந்திருக்க?"

"ஆமா பாட்டி, தம்பிக்காக வந்தேன்"னேன். அதுக்கு மேல சொல்ல வரல, தொண்டை அடைச்சிகிச்சு.

"இந்த அம்மாவும் தம்பிக்காகத்தான் வந்து உக்காந்துது கண்ணு"ன்னு திலகவதியார் பக்கம் கைய காட்டிட்டு மறுபடி கூட்ட ஆரம்பிச்சிட்டாங்க. ஆறுதல் ஒண்ணும் சொல்லல, எல்லாம் சரியாயிடும்னும் சொல்லல. எனக்கு அதுவே போதுமா இருந்துச்சு, ஏன்னா அந்த "சரியாயிடும்"ங்கறத கேட்டு கேட்டு காது புளிச்சு போச்சு.

அங்கயே ஓரமா உக்காந்து போன்ல பதிகத்த எடுத்து வெச்சிகிட்டு படிச்சேன். நாலாம் திருமுறையில மொத பதிகம், அப்பர் பாடினதுலயே இதான் முதல். வயித்த பிடிச்சிகிட்டு ராத்திரியோட ராத்திரியா அக்கா வீட்டுக்கு வந்து விழுந்தவரு, அக்கா திருநீறு கொடுத்து விடியக்காலையில தொடப்பமும் சாணியுமா கோயிலுக்கு கெளம்பும்போதே கூட கூட்டிட்டு வந்து நிறுத்தினாங்க, நின்ன எடத்துல பாடினாரு. "கூற்றாயினவாறு விலக்ககிலீர்"னு ஆரம்பிக்குது. எமன் மாதிரி வந்திருக்கற இந்த வலிய நீ வெலக்க மாட்டேங்கறியேன்னு, மொத வரியே புகார்தான்! உனக்கு ஆளா இருந்து வாழலாம்னு துணிஞ்சு வந்தா சூலை இப்படி சுடுதேன்னு இன்னொரு பாட்டுல கேக்கறாரு. அஞ்சாவது பாட்டு இருக்கே, அதான் என்ன ஒரு ஆட்டு ஆட்டிடுச்சு. கரையில நிக்கறவங்க "இந்தா பாத்துக்கோ"ன்னு சொல்லி ஆழமான தண்ணிக்குள்ள தள்ளிவிட்ட மாதிரி இருக்கு, கால் ஊணி நிக்க ஒரு துறையும் எனக்கு தெரியலங்கறாரு. தம்பி நெலமை அச்சு அசல் அதேதான், கூட்டாளி கரையில நிக்கறாரு, சொந்தக்காரங்க கரையில நிக்கறாங்க, இவன் மட்டும் தண்ணிக்குள்ள.

அதுக்கு அடுத்த பாட்டுலயே "நலந்தீங்கிலும் உன்னை மறந்தறியேன்"னு பாடறாரு. அத்தன வருஷம் வேற பக்கம் இருந்துட்டு வந்து நின்னு மறந்ததே இல்லன்னு சொல்றதுக்கு என்னா ஒரு உரிமை வேணும்! பெரியவங்க இதுக்கு பலவிதமா விளக்கம் சொல்வாங்க, எனக்கு தோணினது இவ்ளோதான், கோச்சிகிட்டு கேள்வி கேக்கறவனும் எதிர்ல ஆள் இருக்குன்னு நம்பித்தானே கேக்கறான். தம்பி "உன் சாமி டியூ கட்டுமா"ன்னு கேட்டதையும் அப்படியே எடுத்துக்கலாம்னு தோணுச்சு. இத அவன்கிட்ட சொன்னா சிரிப்பான், அதனால சொல்லல.

இதுல நம்மாளுங்க சௌகரியமா விட்டுடற விஷயம் ஒண்ணு இருக்கு. பாடினதும் சூலை போயிடுச்சு, சரி, அதோட அப்பருக்கு நல்ல காலம் பொறந்துடுச்சா? இல்லையே. பெரிய கஷ்டமெல்லாம் அதுக்கு அப்புறம்தான் வருது. சமணத்த விட்டுட்டாருன்னு பல்லவ ராஜா கூப்பிட்டு விசாரிச்சு நீற்றறையில, அதான் சுண்ணாம்பு காளவாசல், ஏழு நாள் அடைக்கறான், வெஷம் கலந்த சோறு, யானைய விட்டு மிதிக்க ஏற்பாடு, கடைசியில கல்லுல கட்டி கடல்ல போட்டுட்டாங்க. "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணையாவது நமச்சிவாயவே"ன்னு பாடி அந்த கல்லே தெப்பமா மெதந்து கரை சேர்ந்தது கடலூர் பக்கம், அந்த எடத்துக்கு இன்னிக்கும் கரையேறவிட்ட குப்பம்னுதான் பேரு. சாமிய நம்பினா கஷ்டம் வராதுன்னு யாராவது சொன்னா எனக்கு எரிச்சலா வருது, தேவாரம் பாடினவருக்கே அந்த சலுகை கெடைக்கல.

அதே மாதிரி, நம்பறேன்னு சொல்லிட்டு சும்மா உக்காந்திருக்கறதும் எனக்கு ஒத்துக்காது. அப்பர் சிலைய எந்த கோயில்ல பாத்தாலும் கையில உழவாரம் இருக்கும், புல்லு செதுக்கற கருவி அது. எண்பத்தோரு வயசு வரைக்கும் இருந்து திருப்புகலூர்ல முக்தி அடைஞ்சாருன்னு சொல்வாங்க, கடைசி வரைக்கும் கோயில் கோயிலா போய் செதுக்கிகிட்டேதான் இருந்திருக்காரு. அப்பர் கையால தொண்டு செஞ்ச ஊர நான் காலால மிதிக்கறதான்னு, அவருக்கு அப்புறம் வந்து தேவாரம் பாடின சுந்தரர் திருவதிகைக்குள்ளயே வராம வெளிய சித்தவட மடத்துலயே தங்கிட்டாராம். அங்கயும் இறைவன் விடல, கிழவர் வேஷத்துல வந்து பக்கத்துல படுத்து தலையில கால வெச்சாரு, இவர் நகர்ந்து படுத்தா அங்கயும் வந்து வெச்சாரு. படிக்கும்போது சிரிப்பு வந்துடும்.

நான் ஊருக்கு வந்த மறுநாளே பேங்க்லேருந்து போன் வந்துச்சு, எடுத்தேன், தவணைய மாத்தி போட்டு தர முடியுமான்னு கேட்டேன், மனு எழுதிட்டு நேர்ல வாங்கன்னாங்க. தம்பிய கூட்டிட்டு போகணும். திருநீறு பொட்டலத்த அவன் மேஜை மேல வெச்சேன், எடுத்து பூசிக்கல, தூக்கியும் போடல, பேப்பர் பறக்காம இருக்க அது மேல ஸ்பேனர வெச்சிருக்கான்.

போறவங்களுக்கு ஒரு தகவல், கடலூர் விழுப்புரம் ரெண்டு பக்கமும் இருந்து பண்ருட்டிக்கு பஸ் அடிக்கடி இருக்கு. மத்தியானம் நடை சாத்திடுவாங்க, காலையிலயே போயிடுங்க. அப்பர் பொறந்த திருவாமூரும் பண்ருட்டி பக்கம்தான், எனக்கு நேரம் இல்லாம போச்சு. சித்திரை சதயத்துல அப்பர் குருபூஜை வரும், அப்போ திருவாமூரையும் சேர்த்து பாத்துட்டு வரலாம்னு இருக்கேன். தம்பிகிட்ட கேட்டேன், வரேன்னு சொல்லல, லீவு நாளான்னு மட்டும் கேட்டான்.