துணைக்கு ஆள் தேவை என்று எழுதி வாங்குங்கள்

மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகும் பெற்றோரிடம் ஊரார் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "பஸ்ஸுதான் ஃப்ரீயாச்சே, பொறவு என்ன கஷ்டம்?" பஸ் இலவசம் என்பது உண்மை. ஆனால் டவுன் பஸ்ஸின் முதல் படி முழங்கால் உயரத்தில் இருக்கிறது. காலுக்குக் கேலிப்பர் (தாங்கு கம்பி) போட்ட பிள்ளையை அதில் ஏற்ற ஒருவர் கீழே நின்று தூக்க வேண்டும், ஏறியதும் கம்பியைப் பிடிக்க வைக்க வேண்டும், இடம் கேட்டு உட்கார வைக்க வேண்டும். டிக்கெட் காசு இந்தக் கஷ்டத்தில் சிறு பங்குதான். கூடப் போகும் ஆளின் நேரமும் கூலியும்தான் பெரிய செலவு. நெல்லை மாவட்டத்தில் மானூர், பாப்பாக்குடி, களக்காடு, ராதாபுரம் பக்கத்தில் இந்த உதவிகளுக்காக அலைந்தவர்களுக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேருந்துச் சலுகை, பள்ளி வழியாக வரும் போக்குவரத்துப் படியும் துணையாளர் (கூடப் போகும் ஆள்) படியும், மாதாமாதம் வரும் பராமரிப்பு உதவித்தொகை ஆகிய மூன்றும் தனித்தனி. பேருந்து அட்டையும் பராமரிப்புத் தொகையும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் பொறுப்பு. பள்ளிப் படி, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையம் (வட்டார அளவிலான கல்வித் துறை மையம்) வழியாக வருவது. ஒன்று வாங்கினால் மற்றது கிடையாது என்று யாராவது சொன்னால், எந்த அரசாணையில் அப்படி இருக்கிறது என்று பொறுமையாகக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, மாற்றுத்திறனாளி சான்றிதழும் யூடிஐடி (தேசிய அளவிலான தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள) அட்டையும். அட்டையின் நிறம் சதவீதத்தைச் சொல்லும்: 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். வட்டார வள மையம் நடத்தும் மருத்துவ முகாமில் எலும்பு முறிவு, கண், காது மூக்கு தொண்டை, மனநல மருத்துவர்கள் ஒரே இடத்துக்கு வருவார்கள். முடிந்தவரை அங்கேயே பார்த்துவிடுங்கள். முகாமைத் தவறவிட்டால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். காது கேளாத சின்னப் பிள்ளைக்குக் கேள்திறன் சோதனை முடிவு இல்லாமல் சதவீதம் போடமாட்டார்கள். அதை முன்னமே எடுத்து வைத்திருந்தால் ஒரு நடை மிச்சம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது சதவீதத்தை அல்ல, அது நிரந்தரமா தற்காலிகமா என்பதை. சிறு வயதில் கொடுப்பது பல நேரம் தற்காலிகமானது. செல்லும் தேதி அதிலேயே இருக்கும். தேதி முடிந்தால் யூடிஐடியும் செல்லாது, பேருந்து அட்டை புதுப்பிப்பதும் நின்றுவிடும். தேதி முடிய மூன்று மாதம் இருக்கும்போதே மறுபரிசோதனைக்கு விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று, பெயர். ஆதாரில் தகப்பன் பெயர் முழுதாக, எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் விவரப்) பதிவில் இனிஷியல் முன்னால், வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பின்னால் என்று இருந்தால் பணம் போய்த் திரும்பி வரும். திரும்பிய தகவல் வீட்டுக்கு வருவதில்லை. ஆதாரில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்வதுதான் சுலபம். எமிஸ் திருத்தத்தைத் தலைமையாசிரியரிடம் கேட்டால் பள்ளியிலேயே முடியும். அதே நேரத்தில் பிள்ளையின் மாற்றுத்திறன் வகையும் யூடிஐடி எண்ணும் எமிஸில் ஏறியிருக்கிறதா என்று திரையைக் காட்டச் சொல்லிக் கண்ணால் பாருங்கள். அந்தப் பதிவு இல்லாத பிள்ளை, வட்டாரப் பட்டியலில் இல்லாத பிள்ளை.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை வீடுகளில் காகிதமெல்லாம் ஊறிப்போனது நமக்குத் தெரியும். யூடிஐடியை டிஜிலாக்கர் என்ற அரசு ஆவணச் செயலியில் ஏற்றி வையுங்கள். சான்றிதழின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வேறொருவர் போனிலும் வையுங்கள்.

இனி பேருந்து. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிரோடு மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுடன் வரும் துணையாளர் ஒருவருக்கும் கட்டணமில்லை. அடையாள அட்டை இருந்தால் போதும். அம்மாவோ பாட்டியோ கூட வந்தால் எப்படியும் மகளிர் டிக்கெட்டில் போய்விடலாம். அப்பாவோ தாத்தாவோ வரும்போதுதான் தகராறு வருகிறது. சில கண்டக்டர்களுக்குத் துணையாளர் விவரம் தெரியாது. வாக்குவாதம் வேண்டாம். ஏறியவுடனேயே அட்டையை நீட்டி, "அண்ணாச்சி, பிள்ளைக்கும் துணைக்கு வார எனக்கும் கட்டணமில்லா டிக்கெட் தாங்க" என்று டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். டிக்கெட் இல்லாமல் "சும்மா உக்காருங்க" என்று சொன்னாலும் கேட்டு வாங்குங்கள். செக்கிங் ஏறினால் கையில் இருப்பது அதுதான்.

இந்தச் சலுகை புறநகர் பேருந்துக்குப் பொருந்தாது. திசையன்விளையிலிருந்தோ களக்காட்டிலிருந்தோ பாளையங்கோட்டைச் சிறப்புப் பள்ளிக்கு வருகிறவர்கள் தனியாகக் கட்டணமில்லாப் பயண அட்டை வாங்க வேண்டும். யூடிஐடி, ஆதார், குடும்ப அட்டை நகல்கள், பாஸ்போர்ட் அளவு போட்டோ, பள்ளியில் படிப்பதற்கான சான்று ஆகியவை தேவை. அந்தச் சான்றில் படிக்கிறார் என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்த வழியாக என்பதும் இருக்க வேண்டும். அட்டையில் அந்தத் தடம்தான் ஏறும். வண்ணாரப்பேட்டையில் இறங்குகிறவர் 'வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம்' என்று எழுதி வாங்கினால் ஆண்டு முழுக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோவார். துணையாளரோடு போகும் பிள்ளை என்றால் அட்டையில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். அட்டை ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்பது. மார்ச் வந்ததும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஜூனில் எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள்.

பள்ளிப் படிதான் இதில் சிக்கலானது, அதிகம் பேர் விட்டுவிடுவதும் இதுதான். இது அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. தானாக நடந்தோ பஸ் ஏறியோ வர முடியாத பிள்ளைக்குப் போக்குவரத்துப் படி, கூட ஆள் வந்தே ஆக வேண்டிய பிள்ளைக்குத் துணையாளர் படி. பெற்றோரே துணையாளராக இருக்கலாம். திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான கூறு, தலைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை என்ற கணக்கில் ஓடுகிறது. உபகரணம், படி எல்லாம் அதற்குள் அடங்கும். மாற்றுத்திறன் மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாத ஊக்கத்தொகை தனி. படி எவ்வளவு என்பது ஆண்டுதோறும் ஒப்புதலாகும் திட்டத்தைப் பொறுத்தது. அதனால் போன வருடத் தொகையை வைத்துக் கணக்குப் போடாமல், இந்த ஆண்டுக்கு என்ன ஒப்புதலானது என்று வட்டார வள மைய மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ஒன்றியப் பங்கு, 2,152 கோடி ரூபாய், நிறுத்தப்பட்டது. பணம் தாமதமானால் அது உங்கள் விண்ணப்பத்தின் குறையா, மேலிருந்தே வராததா என்று பிரித்துக் கேட்க இது தெரிந்திருக்க வேண்டும்.

தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். அதை வாங்குவதற்காக எழுதப்படும் காகிதம் தொகையைவிடப் பெரியது. யூடிஐடி அட்டையில் சதவீதம் இருக்கும். துணைக்கு ஆள் தேவை என்பது இருக்காது. அதைத் தனியாக இரண்டு இடத்தில் எழுதி வாங்க வேண்டும். ஒன்று முகாம் மருத்துவரின் படிவத்தில். மற்றொன்று சிறப்புப் பயிற்றுநர் தயாரிக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தில். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும் உயர் ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளின் துணையாளருக்கும் போக்குவரத்து வசதி செய்ய வேண்டும் என்கிறது. ஆக, துணை தேவை என்ற வரி காகிதத்தில் ஏறிய பிறகுதான் சட்டத்தைக் காட்டிப் பேச முடியும்.

தலைமையாசிரியருக்குக் கொடுக்கும் மனுவில் வறுமையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம். அது வேண்டாம், பயணத்தை எழுதுங்கள். இந்த அளவு போதும்: "என் மகள் 4ஆம் வகுப்பு. மூளை முடக்குவாதம், 75 சதவீதம். வீட்டிலிருந்து பள்ளி 3 கிலோமீட்டர். பள்ளி நேரத்துக்குப் பேருந்து இல்லை. தனியாக உட்கார இயலாது. ஆட்டோவில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். காலை கொண்டுவிட்டு நான் திரும்பவும், மாலை வந்து அழைத்துப் போகவும் ஒரு நாளைக்கு நான்கு நடை ஆகிறது." அந்த நான்கு நடையை அதிகாரிகள் பெரும்பாலும் இரண்டாகவே நினைக்கிறார்கள். ஒரு நடைக்கு 80 ரூபாய் என்றால் நாளைக்கு 320. தொடக்கப் பள்ளிக்குச் சட்டப்படி 200 வேலை நாள், ஆண்டுக்கு 64,000. இந்தக் கணக்கை மனுவின் அடியில் போடுங்கள். அவ்வளவும் கிடைக்காது. ஆனால் ஏன் ஒரே ஊரிலிருந்து வரும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரு ஆட்டோ பேச வேண்டும், ஏன் ஒரு துணையாளரே எல்லோருக்கும் வரலாம் என்பதை அந்தக் கணக்கு சொல்லிவிடும். மனுவுக்கு நகல் எடுத்து, பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள்.

படி கணக்குக்குத்தான் வரும். பிள்ளை பெயரில் பெற்றோரோடு சேர்ந்த கணக்கு, ஆதார் இணைப்போடு இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால் கணக்கு முடங்கிவிடும். ஐம்பது நூறு போட்டு எடுத்துக் கணக்கை உயிரோடு வையுங்கள். வருகைப் பதிவும் முக்கியம். வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சிக்குப் போன நாளைப் பள்ளிப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று போட்டால் வருகை நாள் குறையும். பயிற்சி முடிந்ததும் அங்கேயே ஒரு சீட்டு வாங்கி மறுநாள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.

ஒன்றில் எச்சரிக்கையாக இருங்கள். பயணம் கஷ்டம் என்று சொல்லப்போனால், "அப்போ வீட்டு வழிக் கல்வியில போட்டுறலாம்" என்று பதில் வரும். அது தீவிரமான, பல்வகைக் குறைபாடுள்ள பிள்ளைக்குக் கல்வி உரிமைச் சட்டம் தரும் தெரிவு. தெரிவு செய்வது பெற்றோர். வண்டி இல்லை என்பது அதற்குக் காரணம் ஆகாது. வாரத்துக்கு இரண்டு நாளாவது பள்ளிக்கு வர முடிகிற பிள்ளையை வீட்டோடு நிறுத்த ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். பக்கத்துப் பிள்ளைகளோடு இருப்பதை எந்த வீட்டு வகுப்பாலும் தர முடியாது.

ஆட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. உட்காரத் தடுமாறும் பிள்ளையை ஓரத்தில் வைக்கக் கூடாது. நடுவில், துணையாளரின் உடம்போடு ஒட்டி. சக்கர நாற்காலியை மடக்கிப் பின்னால் கட்டும்போது கால்தாங்கியைக் கழற்றி உள்ளே வையுங்கள். மேடு பள்ளத்தில் தொலைவது அதுதான். காலைச் சாப்பாட்டுக்கும் புறப்பாட்டுக்கும் இடையே அரை மணி நேரமாவது விட்டால் வழியில் வாந்தி குறையும். வலிப்பு உள்ள பிள்ளை என்றால் டிரைவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும்: வண்டியை ஓரங்கட்டு, பக்கவாட்டில் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து நேரத்தை வீணாக்காதே, மணியைப் பார். 5 நிமிடம் தாண்டினால் 108. மருந்தின் பெயர், ரத்த வகை, இரண்டு போன் எண்கள் எழுதிய அட்டை பிள்ளையின் பையில் வெளிப்பக்கமாக இருக்கட்டும்.

படி வரவில்லை என்றால் தலைமையாசிரியர், வட்டார வள மைய மேற்பார்வையாளர், முதன்மைக் கல்வி அலுவலகம் என்று வரிசையாகப் போங்கள். ஒவ்வொரு இடத்திலும் எழுத்தில் கொடுங்கள். அப்புறம் திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். அங்கே கொடுக்கும் மனுவுக்கு எண் உண்டு. அந்த எண்ணை வைத்து முதல்வரின் உதவி மைய எண்ணான 1100க்குப் பேசிக் கேட்கலாம். பள்ளிக் கல்வி உதவி எண் 14417. எதுவும் நகரவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. அதில் "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள். "எங்கள் வட்டாரத்தில் இந்தக் கல்வியாண்டில் துணையாளர் படிக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, எத்தனை பிள்ளைகளுக்கு எந்தத் தேதியில் வழங்கப்பட்டது" என்று கேளுங்கள். பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி அது.

பதினெட்டு வயதை நெருங்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. பள்ளிப் படி பள்ளியோடு முடிந்துவிடும். தொழிற்பயிற்சிக்கோ கல்லூரிக்கோ போனால் பயண அட்டையை அந்தப் புதிய தடத்துக்கு மாற்ற, நிறுவனத்திலிருந்து மறுபடி சான்று வாங்க வேண்டும். மதியிறுக்கம் (ஆட்டிசம்), மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, பெற்றோர் சேர்ந்து இயக்கிவந்த வங்கிக் கணக்கு 18 ஆனதும் சிக்கலாகும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று வாங்கலாம். பதினேழரையிலேயே காகிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். பெற்றோரில் ஒருவர் இல்லை என்றால் இறப்புச் சான்றையும் அந்தக் கோப்பிலேயே வையுங்கள்.