எதிர்த்தரப்பு என்ன நினைக்கிறது?

இரண்டு நாளாக ஒரே ஆய்வறிக்கையோடு உட்கார்ந்திருக்கிறேன். 2018 நவம்பரில் அமெரிக்க இடைக்காலத் தேர்தல் முடிந்த கையோடு, ‘மோர் இன் காமன்’ (‘பொதுவானதே அதிகம்’ என்று பொருள்) அமைப்பு 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு. “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்பதோடு நிறுத்தாமல், “எதிர்க்கட்சிக்காரர்களில் எத்தனை பேர் இப்படி நினைப்பார்கள்?” என்றும் கேட்டிருக்கிறார்கள். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பில் சுமார் 55 சதவீதம் பேர் தீவிரக் கருத்துக்காரர்கள் என்று இரு கட்சியினருமே ஊகித்தார்கள். உண்மையில் 30 சதவீதம்தான். நிறவெறி இன்னும் இருக்கிறது என்பதைக் குடியரசுக் கட்சியினரில் பாதிப்பேர்தான் ஏற்பார்கள் என்று ஜனநாயகக் கட்சியினர் நினைத்தார்கள். ஏற்றவர்கள் கிட்டத்தட்ட 80 சதவீதம்!

என்னை உலுக்கியது வேறு. சதா செய்தி பார்ப்பவர்களின் கணிப்பு, எப்போதாவது பார்ப்பவர்களுடையதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தவறாக இருந்தது. நான் முதல் வகை.

2016இல் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் எம்.பி. ஜோ காக்ஸின் முதல் நாடாளுமன்றப் பேச்சிலிருந்து வந்த பெயர் அந்த அமைப்புக்கு. அதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது.

நேற்று சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். தேர்தல் சண்டைக்குப் பிறகு எட்டு மாதமாகப் பேச்சில்லை. “இடஒதுக்கீடு பத்தி நான் என்ன நினைக்கிறேன்னு நீங்க சொல்லுங்க சித்தப்பா” என்றேன். அவர் சொன்னது என் கருத்தே இல்லை. அவரைப் பற்றி நான் சொன்னதும் தப்பு. சிறிது நேரம் இருவருமே பேசவில்லை. பிறகு, “சாப்பிட்டியாடா?” என்றார்.